ஹெட்செட் பக்கம்: எல்லா இசைத்தட்டும் ஒரே சமயத்தில் தேயுமா?

காரவள்ளியில் மலையேறத் தொடங்கும் பஸ், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் கொல்லிமலைக்குள் போகும். பாதி தாண்டுவதற்குள் எனக்குக் காது அடைத்துவிடும். ஒரு கொட்டாவி விட்டால் 'பட்'டென்று திறந்துகொள்ளும். கொட்டாவி விட்டாலும் திறக்காத காது ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நம்ம ஊர்ப் பாட்டுகளைப் பற்றி எழுதுவேன். இன்று கொஞ்சம் தூரத்து இசை. ஜாஸ். உடனே அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். இது எங்கள் குடும்பக் கதையும்தான்.

என் பெரியப்பா கொல்லிமலையில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 73. 1976-ல் வேலைக்குச் சேர்ந்தபோது, ஊரில் கரன்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகமாம். முதல் சம்பளத்தில் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினார். சிற்றலை வானொலி இரவில்தான் நன்றாக எடுக்கும். அப்படி ஓர் இரவில் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனவரிடம் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' சிக்கியது. வில்லிஸ் கானவர் என்பவர் 1955 முதல் அதில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திவந்தார். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாகப் பேசுவார்.

"அந்தாளு பேசுன இங்கிலீசுதான் எனக்கு முழுசாப் புரிஞ்ச மொத இங்கிலீசு கண்ணு. அப்பறம் டிரம்ஸ் கேட்டேன். அதுக்கு இங்கிலீசே தேவைப்படலை" என்பார் பெரியப்பா.

அதன்பிறகு லீவில் சென்னைக்குப் போகும்போதெல்லாம் மூர் மார்க்கெட். பழைய புத்தகம், பழைய இசைத்தட்டு எல்லாம் மலிவாகக் கிடைத்த இடம். 1985-ல் அது தீக்கிரையானபோது, வீட்டில் துக்கம் நடந்ததுபோல இருந்தாராம். அதற்குள் அறுபது தட்டுகளுக்கு மேல் சேர்த்திருந்தார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எண் போட்டு எழுதி வைத்திருக்கிறார். வாத்தியார் அல்லவா!

இந்த ஆடிப் பெருக்குக்கு, செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவை வீடியோ எடுக்க ஆபீஸில் அனுப்பினார்கள். கிளம்பும்போது அம்மா தனியாக ஒரு வேலை கொடுத்தார். "பெரியப்பாவுக்குக் காது சரியாக் கேக்கலைன்னு பெரியம்மா அழறாங்க. டாக்டர்கிட்டப் போகச் சொன்னா கோவப்படறாராம். நீ சொன்னாக் கேப்பாரு."

முதல் நாள் ராத்திரி, சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா தட்டு போட்டார். டேவ் புரூபெக் குவார்டெட்டின் 'டைம் அவுட்'. 1959-ல் பதிவானது. அதில் உள்ள 'டேக் ஃபைவ்' பாட்டை எங்கேயாவது ஒரு விளம்பரத்திலோ ஓட்டலிலோ நீங்களும் கேட்டிருப்பீர்கள். மேற்கத்திய மெட்டுகளில் பெரும்பாலானவை 3 அல்லது 4 எண்ணிக்கையில் போகும். இது 5. நம்ம கணக்கில் சொன்னால் கண்ட நடை. நம்ம கண்ட சாபு 'தக தகிட' என்று 2, 3 ஆகப் பிரியும். டேக் ஃபைவ் அதைத் திருப்பிப் போட்டு 'தகிட தக' என்று நடக்கும். தொடையில் தட்டிப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும்.

அந்த டிரம்ஸை வாசித்தவர் ஜோ மொரெல்லோ. பெரியப்பாவுக்கு அவர்மேல் தனிப் பாசம். பிறந்ததிலிருந்தே பார்வை மிகக் குறைவு. சிறு வயதில் வயலின் கற்று, பிறகு டிரம்ஸுக்கு வந்தவர். 1976-ல் பார்வை முழுதும் போனபிறகும் வாசித்தார், சொல்லிக்கொடுத்தார். 2011-ல் இறந்தார்.

"இவரு நம்ம மெட்ராசுக்கு வந்திருக்காரு, தெரியுமா?" என்று பெரியப்பா நூறாவது தடவையாகக் கேட்டார். நானும் நூறாவது தடவையாக, "சொல்லுங்க பெரியப்பா" என்றேன்.

1958-ல் அமெரிக்க அரசு புரூபெக் குழுவை உலகச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பியது. போலந்து, துருக்கி எல்லாம் போய் இந்தியாவுக்கும் வந்தார்கள். மெட்ராஸில், மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு உட்கார்ந்து வாசித்தார் மொரெல்லோ. பிள்ளை இடதுகைப் பழக்கம் உள்ளவர். அந்தக் காலத்தில் அதனாலேயே மேடையில் உட்காரும் இடத்துக்குக்கூடச் சிரமப்பட்டவர். ஒருவர் இடதுகைக்காரர், இன்னொருவருக்குப் பார்வை சரியில்லை. பேசிக்கொள்ளப் பொது மொழியும் இல்லை. ஆனாலும் எண்ணிக்கை இருவருக்கும் பொது. அந்தப் பயணம் முடிந்த பிறகு வந்த தட்டில் 'கல்கத்தா ப்ளூஸ்' என்றொரு பாட்டு உண்டு. அடுத்த வருடம் டைம் அவுட். துருக்கித் தெருவில் கேட்ட 9 எண்ணிக்கை அதில் ஒரு பாட்டாகவே ஆனது.

"கண்ணு தெரியாத மனுசன், காதை வெச்சுக்கிட்டே உலகத்தைப் புடிச்சாரு பாரு" என்றார் பெரியப்பா. அம்மா கொடுத்த வேலை என் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

டேக் ஃபைவில் பியானோ ஒரே அச்சில் ஓடிக்கொண்டிருக்க, மொரெல்லோ தனியாக வாசிக்கும் பகுதி வந்தது. ஒரு அடி, ஒரு மௌனம், மறுபடி அடி. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். விரல் ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. பாட்டு முடிந்ததும் முகம் சுருங்கியது.

"சோலோ நல்லாருக்கு. மத்த எடத்துல சிம்பல் சத்தமே போயிருச்சு கண்ணு. இந்தப் பனியில தட்டு பூஞ்சை புடிச்சு தேஞ்சிருச்சு. சோப்புத் தண்ணில எத்தனை தடவைதான் கழுவறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் எனக்கு அந்தச் சிம்பல் கேட்டது. சாக்ஸபோனுக்குப் பின்னால், பாட்டு முழுக்க, மழைத்துளி மாதிரி.

அவர் காபி போடப் போனபோது நோட்டை எடுத்துப் பார்த்தேன். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', ஜிம்மி காப் டிரம்ஸ். எதிரே சிவப்பு மையில்: 'சிம்பல் தேய்ந்துவிட்டது.' ஆர்ட் பிளேக்கி: 'சிம்பல் தேய்ந்துவிட்டது.' மேக்ஸ் ரோச்: அதே வரி. நம்ம விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த, 1976-ல் வெளியான 'சக்தி' தட்டு: 'கடம் மந்தமாக ஒலிக்கிறது.' முதல் சிவப்பு வரி 2019-ல். போன வருடத்தில் மட்டும் பதினான்கு.

ஒரு தட்டு தேயலாம். எல்லாத் தட்டும் ஒரே சமயத்தில் தேயுமா?

மறுநாள் விழாவுக்குப் பெரியப்பாவும் வந்தார். மேளம் முழங்கியபோது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "இது நல்லாக் கேக்குது. இங்க கேக்குது" என்றார். திரும்பி நடக்கும்போது புறநானூற்றுப் பாடம் எடுத்தார். ஓரியைப் பாடிய வன்பரணர், 152-ஆம் பாட்டில், காட்டில் கூடிய பாணர் கூட்டத்தின் வாத்தியப் பட்டியலையே தருகிறார். மண் பூசிய முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை. பதலையை எப்படி வாசிக்க வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் மெதுவாக, என்பது வரைக்கும் அதில் உண்டு. இன்றைக்கும் மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்புகிறார்களே, அதற்குப் பாட்டன் அந்த மண்.

"இந்த மலைக்கு டிரம்ஸ் புதுசில்ல கண்ணு. ஓரி காலத்துலயே அஞ்சாறு செட்டு இருந்திருக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பின்னாலிருந்து வந்த டூவீலர் ஹாரன் அடித்ததும், அவர் நகராமல் நடந்ததும், நான் கையைப் பிடித்து இழுத்ததும் அடுத்த நிமிடமே நடந்தது.

அன்று ராத்திரி அவர் டைம் அவுட் தட்டை மறுபடி வைத்தபோது சொல்லிவிட்டேன்.

"பெரியப்பா, எனக்குச் சிம்பல் கேக்குதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். பெரியம்மாவும் நானும் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். அன்று எனக்குத் தூக்கம் இல்லை.

காலையில் காபி டம்ளரோடு வந்து நின்றார். "நாமக்கல்லுல எங்க பாக்கறாங்க?"

பரிசோதனை அறையில் காதில் ஹெட்செட்டை மாட்டி, ஒவ்வொரு சத்தமாக அனுப்பினார்கள். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். தாழ்ந்த ஒலிக்கெல்லாம் டக்டக்கென்று அழுத்தினார். உச்ச ஒலிகள் வந்தபோது பட்டன் சும்மா இருந்தது. முடிவில் வந்த வரைபடத்தைப் பார்த்து அவரே சொன்னார்: "சோளக்காட்டுலருந்து காரவள்ளிக்கு எறங்கற மாதிரி இருக்கு."

ஆடியாலஜிஸ்ட் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். உள்காதில் நத்தைக் கூடு மாதிரி ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் வாசல் பக்கத்தில் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் உச்ச ஒலியைப் பிடிப்பவை. வயதாகும்போது பெரும்பாலும் அவைதான் முதலில் போகும். அதனால் முழவும் மேளமும் கேட்கும், சிம்பல் கேட்காது. ஆண் குரல் கேட்கும், பெண்கள், குழந்தைகள் பேச்சு மங்கும். 'ஸ', 'ச' மாதிரி எழுத்துகள் விழுந்துவிடும். சத்தம் வருகிறது, சொல் புரியவில்லை என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைகிறது.

"அப்ப இத்தனை நாளா இவ வாய்க்குள்ளயே பேசலையா?" என்று பெரியம்மாவைப் பார்த்துக் கேட்டார் பெரியப்பா. பெரியம்மா பதில் சொல்லவில்லை. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கருவி வந்த முதல் வாரம் தினமும் போன் வந்தது. "தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு. எனக்கு வேண்டாம்." காது கேட்கும் கருவி பேச்சுக்காகத்தான் முதலில் சரிசெய்யப்படுகிறது. இசைக்கு அந்த அமைப்பு ஒத்துவராது. மறுபடி போனபோது இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைப் போட்டுக்கொடுத்தார்கள். மூளைக்கும் பழகச் சில வாரம் பிடிக்குமாம். மறந்துபோன சத்தங்களை அது மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும்.

போன வாரம் மறுபடி மலைக்குப் போனேன். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று பெரியப்பா, "யாரு வீட்டுல கண்ணு மோட்டார் ஓடுது?" என்றார்.

எந்த மோட்டாரும் ஓடவில்லை. "சில்வண்டுங்க பெரியப்பா."

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். சிம்பல் போனது அவருக்குத் தெரிந்திருந்தது, நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஐம்பது வருடமாக வாழும் மலையில் சில்வண்டு போனது தெரியவே இல்லை.

அப்புறம் நோட்டைக் கொண்டு வந்தார். சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பரிசோதிக்கிறாராம். இதுவரை ஒன்பது தட்டு முடிந்திருக்கிறது. சில எதிரே நீல மையில் 'இருக்கிறது' என்று எழுதியிருக்கிறார். சிலவற்றுக்கு 'கொஞ்சம் இருக்கிறது'. பழையபடி முழுசாகக் கேட்காது, அது அவருக்குத் தெரியும். "ரெண்டு தட்டு நெசமாவே தேஞ்சுதான் போச்சு. அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

உங்கள் வீட்டிலும் யாராவது டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று கோபப்படலாம். பண்டிகைக் கூட்டத்தில் பேச்சில் கலக்காமல் ஒதுங்கி உட்காரலாம். அவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள், கத்தவும் செய்யாதீர்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஒருமுறை கேட்கும் திறன் பரிசோதனை செய்து பாருங்கள். மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டதுதான் எங்கள் வீட்டில் நாங்கள் செய்த தப்பு.

கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை வந்த பெரியப்பா, பெரியம்மா தூரத்திலிருந்து ஏதோ சொல்வதைக் கேட்டுத் திரும்பினார்.

"வாய்க்குள்ள பேசலை கண்ணு. நல்லாத்தான் திட்டறா" என்றார்.