அஞ்சு நிமிஷ வேலையாம்!

"விண்டோஸ் பக்கத்துலயே லினக்ஸும் போட்டுக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை!" இப்படிச் சொல்லும் கம்ப்யூட்டர் புலி வகுப்புக்கு ஒருவராவது இருக்கிறார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் நல்ல வழிதான். அதில் சண்டையே இல்லை. சண்டையெல்லாம் அந்த "அஞ்சு நிமிஷ"த்தோடுதான்.

இன்ஸ்டால் செய்வது சுலபம். அதற்கு முன் வன்தட்டைத் தயார் செய்வதுதான் உண்மையான வேலை. புலிகள் தாண்டிக் குதிப்பதும் அதைத்தான்.

முதலில் பேக்கப். சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு நகலெடுத்துவிட்டு "பேக்கப் ஆச்சு" என்பார்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் இரண்டும் ஒரே தட்டின் இரண்டு பார்ட்டிஷன்கள்தானே? இன்ஸ்டால் ஆகும்போது "தட்டை முழுக்க அழி" என்பதைத் தெரியாமல் தேர்ந்தெடுத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். கடைசி வருட புராஜெக்டும் கூடவே போகும். பேக்கப் என்றால் தனியாகக் கழற்றி வைக்கக்கூடிய வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

அடுத்தது பிட்லாக்கர். பல புதிய மடிக்கணினிகளில் வாங்கியவருக்கே தெரியாமல் இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கும். பூட் அமைப்பில் கை வைத்ததும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி இல்லையென்றால் கோப்புகள் அவ்வளவுதான். அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் புலி எத்தனை பேர்?

பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறது. அந்த நிலையில் பார்ட்டிஷனில் கை வைத்தால் கோப்புகள் கெடலாம். முதலில் அதை நிறுத்த வேண்டும். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி, லினக்ஸுக்குக் காலி இடம் ஒதுக்க வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட், டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்றுதான் மைக்ரோசாப்ட் சொன்னது. ஆனால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பல கணினிகளில் லினக்ஸ் பூட் ஆகாமல் நின்றது. சரியான தீர்வு வர 2025 மே ஆனது. முறையாகச் செய்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், அவசரத்தில் செய்பவர்களுக்கு?

அடுத்த முறை யாராவது "அஞ்சு நிமிஷம்" என்றால், "பேக்கப் எந்த டிஸ்க்கில்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அவருடைய பென் டிரைவை உங்கள் கணினியில் செருக விடாதீர்கள்.