பாயிண்டுப் பட்டியலை நம்பலாமா?

மோட்டார் பந்தய வீரர்களில் யார் பெரியவர்? பந்தய வருஷம் பாதி தாண்டியதும் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். உடனே பாயிண்டுப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதோ, முதலில் இருக்கிறாரே, இவர்தான்!" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அவர்களை 1958-ம் ஆண்டு ஜூலை மாதத்துக்குக் கொஞ்சம் அழைத்துப் போக வேண்டும்.

அப்போது முதலாவதாக வந்தவருக்கு 8 பாயிண்டு. அடுத்தடுத்து வந்தவர்களுக்கு 6, 4, 3, 2. பந்தயத்தில் மிக வேகமாக ஒரு சுற்று ஓடியவருக்குத் தனியாக 1 பாயிண்டு. ஜூலை 19-ந் தேதி இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் பந்தயம் முடிந்தது. மொத்தம் 11 பந்தயங்களில் 7 நடந்தாகிவிட்டது. பெராரி கார் ஓட்டிய ஆங்கிலேயர் மைக் ஹாதார்ன் 30 பாயிண்டுடன் முதலில் நின்றார். இன்னோர் ஆங்கிலேயர் ஸ்டிர்லிங் மாஸ் 23. பீட்டர் காலின்ஸ் 14. இத்தாலிக்காரர் லூயிஜி முஸ்ஸோ 12.

நாலாவதாக நின்ற முஸ்ஸோ அன்று உயிரோடு இல்லை! ஜூலை 6-ந் தேதி பிரான்சில் ரீம்ஸ் நகரத்துப் பந்தயத்தில், ஹாதார்னை எட்டிப் பிடிக்கப் பாய்ந்தபோது அவர் கார் பாதையை விட்டுத் தூக்கியெறியப்பட்டது. இறந்தவரின் பாயிண்டுகள் மட்டும் பட்டியலில் அப்படியே இருந்தன.

இனி ஹாதார்ன், மாஸ் இருவரையும் ஒப்பிடுவோம். அவர்கள் கலந்துகொண்டவை ஆறு பந்தயங்கள். அவற்றில் மாஸ் இரண்டில் ஜெயித்தார், ஒன்றில் இரண்டாவது, மூன்றில் கார் நின்றுவிட்டது. ஹாதார்ன் ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம். ஆனால் கார் நின்றதும் ஒரே ஒரு தடவைதான். மற்றவற்றில் இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது என்று விடாமல் சேர்த்தார். வேகச் சுற்றுக்கான பாயிண்டு மட்டும் நாலு! சிறுகச் சிறுகச் சேர்த்துப் பணக்காரர் ஆனவரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ் ஜெயித்த விதம் வேறு. ஜனவரியில் அர்ஜென்டினா பந்தயம். அவருக்குக் கிடைத்தது ராப் வாக்கர் என்பவரின் சின்னஞ்சிறு கூப்பர் கார். எஞ்சின் இரண்டு லிட்டர்கூட இல்லை; எதிரே பெராரி கார்களோ 2.4 லிட்டர். போதாக்குறைக்கு, கூப்பரின் சக்கரம் ஒவ்வொன்றும் நாலு போல்ட்டில் முடுக்கப்பட்டிருந்தது. கழற்றி மாட்டுவதற்குள் பந்தயமே போய்விடும். மாஸ் என்ன செய்தார்? டயர் மாற்ற வரப்போவதுபோல் பாவனை காட்டினார். அவருடைய ஆட்களும் சக்கரங்களை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "எப்படியும் நிற்கத்தானே போகிறான்" என்று பெராரிக்காரர்கள் மெத்தனமாக இருந்துவிட்டார்கள். மாஸ் நிற்கவே இல்லை. ரப்பர் தேய்ந்து உள்ளே துணி தெரிய, வழுக்கி வழுக்கி ஓட்டி, முஸ்ஸோவை மூன்று வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்கடித்தார். எஞ்சின் பின்புறம் உள்ள கார் உலக சாம்பியன் பந்தயத்தில் ஜெயித்தது அதுவே முதல் தடவை. சபாஷ் என்று சொல்லாமல் இருக்க முடியுமா?

அதற்காக மாஸின் குறையை மறைக்க வேண்டியதில்லை. பெல்ஜியம் பந்தயத்தின் முதல் சுற்றிலேயே கியரைத் தவறவிட்டு, அருமையான வான்வால் காரின் எஞ்சினைக் கெடுத்தது அவர்தான். அதற்கு மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது.

அதே பெல்ஜியம் பந்தயத்தில் ஜெயித்தவர் டோனி புரூக்ஸ். இவரும் ஓட்டியது வான்வால்தான். பல் டாக்டருக்குப் படித்தவர்; கை நடுங்காதவர் என்பதில் ஆச்சரியம் என்ன! ஜூலையில் அவர் கணக்கில் இருந்தவை வெறும் 8 பாயிண்டு. நமது தீர்ப்பில் அவருக்குத்தான் இரண்டாம் இடம். ஸ்பா போன்ற பயங்கரமான பாதையில் ஜெயிப்பதை மற்ற வெற்றிகளோடு சேர்த்து எண்ணக்கூடாது. பின்னால் ஜெர்மனியில் நூர்பர்கிரிங், இத்தாலியில் மோன்சா இரண்டிலும் அவரே ஜெயித்தார். ஆகவே மாஸ், புரூக்ஸ், அதற்குப் பிறகே ஹாதார்ன்.

காலின்ஸ் நாலாவது. ஆனால் மனுஷத்தன்மைக்குத் தனிப் பட்டியல் போட்டால் அவரை முதலில் வைக்கலாம். 1956-ல் மோன்சாவில், தானே சாம்பியனாக வாய்ப்பு இருந்தும், கார் பழுதாகி நின்ற பான்ஜியோவுக்குத் தன் காரை இறங்கிக் கொடுத்தவர் அவர். பட்டம் பான்ஜியோவுக்குப் போயிற்று. சில்வர்ஸ்டோனில் ஜெயித்த பதினைந்தாம் நாள், நூர்பர்கிரிங்கில் புரூக்ஸை விரட்டிப் போன காலின்ஸ் விபத்தில் மாண்டார். வயது 26.

ஆகஸ்டு 24-ந் தேதி போர்ச்சுகல் பந்தயம். மாஸ் முதல், ஹாதார்ன் இரண்டாவது. ஆனால் ஹாதார்ன் கடைசிச் சுற்றில் வழுக்கி நின்று, காரை எதிர்த்திசையில் செலுத்திக் கிளப்பினார் என்று புகார் வந்தது. இடம் பறிபோகும் நிலை. அவருக்காகச் சாட்சி சொல்லப் போனவர் யார் தெரியுமா? போட்டியாளர் மாஸ்! "அவர் கார் நடைபாதையில் இருந்தது, பந்தயப் பாதையில் அல்ல" என்று கண்டதைச் சொன்னார். ஹாதார்னுக்கு அந்த 7 பாயிண்டும் நிலைத்தது.

சிறந்த ஆறு பந்தயங்களை மட்டும் எண்ணுவது அன்றைய விதி. அதன்படி வருஷக் கடைசியில் ஹாதார்ன் 42, மாஸ் 41. நாலு பந்தயம் ஜெயித்தவருக்கு இரண்டாம் இடம். ஒன்று ஜெயித்தவர் சாம்பியன். போர்ச்சுகல் பாயிண்டுகள் போயிருந்தால் ஹாதார்னின் கணக்கு 39-தான்.

பட்டம் வாங்கிய கையோடு ஹாதார்ன் பந்தயத்தை விட்டார். 1959 ஜனவரி 22-ந் தேதி, கில்ட்போர்டு அருகே சாதாரணச் சாலையில் தன் சொந்தக் காரை ஓட்டிச் சென்றபோது விபத்தில் இறந்தார். ஜூலைப் பட்டியலின் முதல் நாலு பேரில், ஆறே மாதத்தில், மாஸ் ஒருவர்தான் மிஞ்சினார். அவர் 2020 வரை, 90 வயது வாழ்ந்தார். உலக சாம்பியன் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.