பஞ்சாங்கத்தில் அடங்காத வானம்

கல்கத்தாவின் அலிப்பூர், மழையையும் புயலையும் முன்கூட்டி அறிவிக்கும் வானிலை நிலையத்தால் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. வான நூலிலும் அவ்விடத்திற்கு ஒரு பங்கு உண்டு. 1952-ஆம் ஆண்டில் பேராசிரியர் மேகநாத் சாஹாவின் தலைமையில் நியமிக்கப்பெற்ற பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு தனது பணியை முடித்த பின்னர், இந்திய வானிலைத் துறையின் பொறுப்பில் 1955-ஆம் ஆண்டு அங்கே ஒரு கணிதப் பிரிவு தொடங்கப்பெற்றது. சூரிய சந்திரர், கிரகங்கள் ஆகியவற்றின் நிலைகளை ஓராண்டிற்கு முன்னதாகவே கணக்கிட்டு வெளியிடுவது அதன் கடமை. 1957 மார்ச்சு 22-ஆம் நாள் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, ராஷ்டிரீயப் பஞ்சாங்கம் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளிவரலாயிற்று. ஆண்டு தவறாமல் அடக்கமாகச் செய்யப்பெறும் இத்தகைய பணியே ஒரு நாட்டின் வானாராய்ச்சிக்கு அடித்தளமாகும்.

அடித்தளம் உறுதியாயினும், வானத்தில் நிகழ்வன யாவும் பஞ்சாங்கக் கணிதத்தில் அடங்கிவிடுவதில்லை. அவ்வாறு அடங்காதவற்றுள் முதன்மையானவை, இரட்டை நட்சத்திரத் தொகுதிகளிலுள்ள கருந்துளைகளிலிருந்து பீறிட்டெழும் தாரைகள். அவற்றைக் காண்பதற்கு இந்நாடு செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள் இன்னும் முழுமை பெறவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

இத்தொகுதிகளின் இயல்பு சுருக்கமாக இதுவே. ஒரு கருந்துளையும் ஒரு சாதாரண நட்சத்திரமும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. நட்சத்திரத்தின் வாயு கருந்துளையால் ஈர்க்கப்பெற்று, நேரே விழாமல், சுழலும் தட்டாக அதனைச் சூழ்கிறது. தட்டின் உட்பகுதி பல லட்சம் பாகை வெப்பமடைந்து எக்ஸ் கதிர்களை வீசுகிறது. வாயுவின் ஒரு பகுதி உள்ளே மறைந்துபோக, மற்றொரு பகுதி சுழற்சியின் அச்சுத் திசையில் இரு புறமும் தாரையாக வெளியே எறியப்படுகிறது. தட்டின் நிலையை எக்ஸ் கதிர்களும், தாரையின் நிலையை ரேடியோ அலைகளும் காட்டுகின்றன. தட்டு ஒரு நிலையில் இருக்கும்போது தாரை மெல்லியதாய்த் தொடர்ந்து பாய்கிறது. அந்நிலை மாறும் தறுவாயில் வாயுத் திரள்கள் பெருவேகத்துடன் வீசப்பெறுகின்றன. பின்னர்த் தாரை பெரிதும் அடங்கிவிடுகிறது. இம்மாற்றம் சில நாட்களில், சில வேளைகளில் சில மணி நேரத்திற்குள், நடந்து முடிந்துவிடுகிறது.

பெரிய காலக்ஸிகளின் மையங்களிலிருந்தும் இத்தகைய தாரைகள் எழுகின்றன. எம்87 என்னும் காலக்ஸியின் தாரை சுமார் 5,000 ஒளியாண்டு நீளமுடையது. ஆனால் அத்தகைய தாரை தோன்றி வளர்ந்து அடங்குவதை மனித வாழ்நாளில் எவரும் காண இயலாது. அதே விளைவின் தொடக்கமும் முடிவும் இரட்டை நட்சத்திரங்களில் சில வாரங்களுக்குள் காணக் கிடைக்கின்றன. இவற்றின் அருமை இதிலேயே உள்ளது.

கழுகு மண்டலத்திலுள்ள எஸ்எஸ் 433 என்னும் தொகுதி மட்டும் ஓரளவு பஞ்சாங்கத்திற்குக் கட்டுப்படுகிறது. ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேகத்துடன் பாயும் அதன் இரு தாரைகளும் பம்பரத்தின் அச்சைப்போலச் சாய்ந்து, ஏறத்தாழ 162 நாட்களுக்கு ஒரு முறை சுற்றி வருகின்றன. இதனை 1970-களின் இறுதியில் அதன் நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியிலிருந்து அறிஞர் கண்டறிந்தனர். ஏனைய தொகுதிகள் அவ்வாறல்ல. கருந்துளையும் நட்சத்திரமும் சுற்றி வரும் காலத்தைக் கணிக்கலாம். தாரை எழும் நாளைக் கணிக்க முடியாது.

இத்துறையில் இந்தியா புதிதாக நுழைந்த நாடு அன்று. 1996 மார்ச்சு மாதம் ஏவப்பட்ட ஐஆர்எஸ்-பி3 செயற்கைக் கோளில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் அமைத்த எக்ஸ் கதிர்க் கருவிகள் இடம் பெற்றன. ஜிஆர்எஸ் 1915+105 என்னும் தொகுதியை அவை ஆராய்ந்தன. அத்தொகுதியின் வாயுத் திரள்கள் ஒளியினும் விரைந்து செல்வதுபோன்ற தோற்றத்தைத் தருவதாக 1994-ஆம் ஆண்டு வெளியான செய்தி உலகையே வியப்பில் ஆழ்த்தியிருந்தது. எக்ஸ் கதிர் ஒளி மெல்ல ஏறித் திடீரெனச் சரிவதை இந்தியக் கருவிகள் கண்டன. வாயு கருந்துளையின் எல்லைக்குள் மறைவதற்கு இது சான்றாகலாமென அவ்விஞ்ஞானிகள் 1998-இல் எழுதினர்.

2015 செப்டம்பர் 28-ஆம் நாள் ஆஸ்ட்ரோசாட் விண்ணேறியது. அதன் கருவிகள் புற ஊதாக் கதிர் முதல் கடின எக்ஸ் கதிர் வரை ஒரே வேளையில் நோக்க வல்லவை. அன்ன மண்டலத்திலுள்ள சிக்னஸ் எக்ஸ்-1-இலிருந்து வரும் கடின எக்ஸ் கதிர்களின் அதிர்வுத் திசையை அது அளந்து, அவற்றில் தாரையின் பங்கு இருக்க வேண்டுமென்பதற்குச் சான்று அளித்தது. 2024 ஜனவரி முதல் நாள் எக்ஸ்போசாட் ஏவப்பட்டது. நிலத்தில், புனேயை அடுத்த கோடாடு கிராமத்தில், 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளைக் கொண்ட ராட்சத ரேடியோ தொலைநோக்கி உள்ளது. லடாக்கின் ஹான்லேயிலும், உத்தராகண்டின் தேவஸ்தலத்திலும், தமிழ்நாட்டின் காவலூரிலும் ஒளித் தொலைநோக்கிகள் உள்ளன.

கருவிகள் இவ்வளவு இருந்தும் குறை யாது? அவை ஒரே வேளையில் ஒரே பொருளை நோக்குவதே இங்குத் தேவையானது. தட்டை ஒரு நாளும் தாரையை மற்றொரு நாளும் பார்த்தால், எது காரணம், எது காரியம் என்று கூற முடியாது. எதிர்பாரா நிகழ்ச்சிகளுக்கு விண்ணப்பிக்கும் வழி இக்கருவிகளுக்கு உண்டெனினும், தனித்தனி விண்ணப்பங்கள் தனித்தனியே ஆராயப்பெற்று முடிவதற்குள் தாரை அடங்கிவிடக்கூடும். ஆகவே, எத்தொகுதி எந்நிலையை எட்டினால் எக்கருவி எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதை முன்னரே வரையறுத்த ஒரு கூட்டு ஏற்பாடு இன்றியமையாதது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பெரிய தொலைநோக்கியின் ஒவ்வொரு மணியும் விலைமதிப்புள்ளது. வருமோ வராதோ என்னும் நிகழ்ச்சிக்காக அதனை ஒதுக்கலாமா? மேனாடுகள் திரட்டும் விவரங்கள் பின்னர் யாவர்க்கும் கிடைக்கின்றனவே என்பாரும் உளர். முதல் வாதத்திற்கு விடை எளிது: நிகழ்ச்சி தோன்றாத வரையில் கருவி தன் வழக்கமான பணியையே செய்யும், ஒதுக்கப்படுவது முன்னுரிமையேயன்றி நேரமன்று. இரண்டாவது வாதத்திற்கு விடை பூமியின் வடிவத்திலேயே உள்ளது. ஒரு நட்சத்திரம் அமெரிக்காவின் அடிவானத்திற்குக் கீழே இருக்கும் மணிகளில் இந்தியாவின் வானில் உயர்ந்திருக்கும். நிமிடக் கணக்கில் மாறும் ஒரு தாரையின் வரலாற்றில் அம்மணிகள் விடுபட்டால், பின்னர் எவராலும் அவற்றை நிரப்ப முடியாது. மேலும், வாயுத் திரள் விரிந்து செல்லச் செல்ல அதன் ரேடியோ ஒளி குறைந்த அதிர்வெண்களில் தாமதமாக உச்சமடைகிறது. கோடாட்டுத் தொலைநோக்கி சிறந்து விளங்குவது அவ்வெண்களிலேயே.

சிறிய கருவிகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. மாக்ஸி ஜே1820+070 என்னும் தொகுதியின் ஒளி மிகுந்ததைச் சிறிய தொலைநோக்கிகள் 2018 மார்ச்சு 6-ஆம் நாளே கண்டன. எக்ஸ் கதிர்க் கருவி அதனை அறிவித்தது மார்ச்சு 11-ஆம் நாள். ஐந்து நாள் முன்னறிவிப்பு என்பது பெரிய கருவிகளை ஆயத்தம் செய்யப் போதுமான அவகாசமாகும். கல்லூரிகளிலுள்ள நடுத்தரத் தொலைநோக்கிகள் இரவுதோறும் முறை வைத்துக்கொண்டு, அறிந்த தொகுதிகளைக் கண்காணிக்கலாம். மாணவர்க்கு அது பயிற்சி. நாட்டிற்கு அது காவல்.

இக்காவலுக்கு ஒரு கையேடும் வேண்டும். ஒவ்வொரு தொகுதியின் சுற்றுக்காலம், எஸ்எஸ் 433-இன் தாரைத் திசை, இந்திய வானில் அவை உயர்ந்திருக்கும் மணிகள் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிடுவது பெருஞ்செலவுள்ள காரியமன்று. அலிப்பூரில் வேரூன்றிய கணித மரபு இதற்கே தக்கது. கணிக்கத்தக்கதைக் கணித்து வைத்தாலன்றி, கணிக்க முடியாததை எதிர்கொள்ள இயலாது.

தாமதத்தின் விலை யாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். சுமார் 7,800 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள வி404 சிக்னி என்னும் தொகுதி, 26 ஆண்டுகள் அடங்கியிருந்து 2015 ஜூன் மாதத்தில் கிளர்ந்தெழுந்தது. அதன் தாரைகளின் திசை சில நிமிடங்களுக்குள்ளேயே மாறியதைப் பிற நாட்டார் கண்டனர். இரு வாரங்களில் பெருங்கிளர்ச்சி தணிந்தது. ஆஸ்ட்ரோசாட் ஏவப்பட்டதோ அதற்கு மூன்று மாதங்களுக்குப் பின்னர். அது எவர் குற்றமும் அன்று. ஆயினும் விண்ணிலும் மண்ணிலும் கருவிகள் அமைந்துவிட்ட பின்னர், வெறும் ஏற்பாட்டுக் குறையினால் மற்றொரு தாரை தவறிப்போகுமாயின், அதற்குச் சமாதானம் கூற இயலாது. ஆராய்ச்சி நிலையங்களின் பொறுப்பாளர்கள் இதனை அடுத்த கிளர்ச்சிக்குப் பின்னரன்றி, அதற்கு முன்னரே கூடி முடிவு செய்வார்களாக.