வழக்கு முடிந்தது, பதிவு முடியவில்லை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கோடம்பாக்கத்தில் எங்கள் பள்ளிவாசல் முன்பு நின்றுகொண்டிருந்தோம். நாங்கள் நன்கறிந்த ஒரு தந்தை, தம் மகனுடைய பாஸ்போர்ட் புதுப்பிப்புத் தாள்களை எடுத்துக் காட்டினார். வளைகுடாவில் வேலை உறுதியாகிவிட்டது. காவல்துறைச் சரிபார்ப்பில் மட்டும் 'வழக்கு உள்ளது' என்று குறிப்பு வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து மக்கள் கூடியபோது, அனுமதியின்றிக் கூடியதாகப் பதிவான வழக்குகளுள் ஒன்று அது. அன்று அந்தப் பிள்ளைக்கு வயது 19.

அவ்வழக்குகள்தாம் திரும்பப் பெறப்பட்டனவே என்று கேட்டோம். ஆம். 2021 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, வன்முறை போன்ற குற்றச்சாட்டுகள் நீங்கலாக, அத்தகைய சுமார் 1,500 வழக்குகள் கைவிடப்படும் என்று அறிவித்தார். பின்னர் அமைந்த ஆட்சியும் அவ்வழியே சென்றது. அறிவிப்பைக் கேட்டு அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். உண்மையில், நீதிமன்றத்துக்கு வந்துவிட்ட வழக்கை அரசு வழக்கறிஞர் மனுச் செய்து, நீதிமன்றத்தின் இசைவு பெற்றே கைவிட இயலும். அந்த முடிவு காவல் நிலையத்துக்குச் சென்று, அங்கே ஒருவர் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். அந்த ஒருவர் ஏற்றவில்லையென்றால்? முதல் தகவல் அறிக்கை மட்டும் முடிவில்லாமல் திரையில் நிற்கும்.

முன்பு இது ஒரு காவல் நிலையத்தின் அலமாரியோடு போயிற்று. 2009இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த சி.சி.டி.என்.எஸ். வலையமைப்பு, நாடெங்குமுள்ள காவல் நிலையங்களின் பதிவுகளை ஒன்றாகக் கோத்துவிட்டது. ஓரிடத்துப் பிழை இப்போது எல்லா இடத்திலும் பிழை.

பதிவேடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநரைப் பற்றி விசாரித்துப் பார்க்க நாமும்தான் விரும்புகிறோம். பதிவை வைத்திருப்பவரை யார் பார்க்கிறார் என்பதே கேள்வி.

2022இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்தை எடுத்துக்கொள்வோம். கைதானவரின் விரல் ரேகை, கண் பாவை முதலியவற்றைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால், நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிட்டாலன்றி, அவற்றை அழித்துவிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் அழித்தார்களா என்று வெளியிலிருந்து சென்று பார்ப்பதற்குத் தனி அமைப்பு ஏதும் அதில் இல்லை. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், குற்றத் தடுப்பு, புலனாய்வு ஆகியவற்றுக்காகக் கையாளப்படும் தரவுகளுக்குப் பெருமளவு விலக்களித்திருக்கிறது.

காவல்துறை மீதான முறையீடுகளைக் கேட்கத் தமிழ்நாட்டில் ஓர் ஆணையம் உண்டே எனலாம். 2006இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் அதை அமைக்கச் சொன்னது. நம் மாநிலத்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, காவல்துறைத் தலைமை இயக்குநரை உறுப்பினராக்கியது. வீட்டுக் கணக்கை வீட்டுக்காரரே தணிக்கை செய்வது போலத்தான்.

வழியே இல்லாமலும் இல்லை. 2024 மே மாதம், டெல்லி சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் சரித்திரப் பதிவேடு தொடர்பான வழக்கில், அவருடைய சிறுவயதுப் பிள்ளைகளின் விவரங்களும் அதில் இடம்பெற்றிருந்தது உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தது. அத்தகைய பதிவேடுகளை அவ்வப்போது தணிக்கை செய்ய இணை ஆணையர் நிலையில் ஓர் அதிகாரியை நியமிக்கும்படி டெல்லி காவல் ஆணையருக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களில் குற்றமற்றவர்களின் பெயர்கள் வெறும் சாதியை வைத்து இதில் ஏறிவிடக் கூடாது என்ற கவலையையும் தெரிவித்து, மற்ற மாநிலங்களும் தங்கள் நடைமுறையை ஆராயச் சொன்னது. தணிக்கை செய்பவரும் காவல் அதிகாரியே என்பது நமக்குக் குறையாகத்தான் படுகிறது. ஆயினும் அந்த அளவாவது சென்னையில் நடக்கட்டும்.

இக்கவலை நம் சமுதாயத்துக்கு மட்டும் உரியதன்று. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ரேகை பதிய மறுத்த கள்ளர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் மாண்டனர். ஒருவன் செய்யாத குற்றத்துக்கு அவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினால் என்னவாகும் என்பதைத் தமிழ் மண் நம்மைவிட முன்னரே கண்டிருக்கிறது. மிகையான ஐயத்தையும் துருவிப் பார்ப்பதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். அது அண்டை வீட்டாரிடம் நாம் நடந்துகொள்ளும் முறைக்கு மட்டும் என்று நாம் கருதவில்லை.

அரசிடம் நாம் கேட்பது பெரிதன்று. நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்த அன்றே அம்முடிவு காவல் பதிவில் தானாக ஏற வேண்டும். தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் ஒவ்வொருவருக்கும் வழி வேண்டும். ஆண்டுக்கொரு முறை காவல்துறைக்கு வெளியே உள்ளவர்கள் தணிக்கை செய்து, அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அதுவரை ஜமாஅத்துகளும் ஒரு வேலை செய்யலாம். 2020 வழக்குகளில் பெயர் உள்ள நம் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் நீதிமன்ற ஆணையின் நகல் கையில் இருக்கிறதா என்று கேட்கலாம். நிக்காஹ் பதிவேட்டைப் பேணும் நம்மால் இது முடியாததன்று.

அந்தத் தந்தை மூன்று வாரம் அலைந்து, சான்றளிக்கப்பட்ட நகலைப் பெற்றுவிட்டார். காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகையும் வாங்கியிருக்கிறார். வேலை தருவோர் இம்மாத இறுதிவரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.