மருந்து உறையில் தமிழ் வேண்டும்

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். வாங்கி வந்த மருந்து உடம்பில் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 இல் அறிவித்தது. அங்கேயே அப்படியென்றால் நமது லயங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கெலிஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து கிளினிக் கொப்பியோடு போகும் நம்மவர்கள் ஐந்தாறு உறைகளோடு திரும்புகிறார்கள். உறையில் சிங்களமோ ஆங்கிலமோ இருந்தால், எது காலை, எது இரவு என்பது வீடு வருவதற்குள் மறந்துவிடுகிறது.

விளைவு சிறியதல்ல. தலைசுற்று நின்றதும் பிரசர் குளிசையை நிறுத்துகிறோம். பிரசரோ சத்தமில்லாமல் ஏறுகிறது. சில சீனிக் குளிசைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலைக்கு ஏறினால் சீனி இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகள் இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்குகிறார்கள். நாம் பறிக்கும் கொழுந்தின் சாயமே அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. அதைத் தண்ணீரோடு எடுத்து, தேநீரை ஓரிரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்க வேண்டும். கிளினிக்கில் ஒன்று, தனியார் கடையில் ஒன்று என வாங்கி, ஒரே மருந்தை இரண்டு வியாபாரப் பெயர்களில் இரட்டிப்பாக விழுங்குவதும் நடக்கிறது.

வியாபாரப் பெயருக்குப் பதில் மருந்தின் சொந்தப் பெயரே வழங்க வேண்டும் என்று போராடியவர், பேராதனை மருத்துவ பீடத்தின் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவருடைய உழைப்பின் பலன். மலிவு விலையில் மருந்து கிடைக்க அவர் வழி செய்தார். அது விளங்கும் மொழியில் கிடைக்கச் செய்வது நமது வேலை.

1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகவே உறையில் தமிழ் கேட்பது சலுகையல்ல, உரிமை. கிளினிக் நாளில் பேர் வெட்டக்கூடாது என்பதும் நமது கோரிக்கை. ஒருநாள் சம்பளத்துக்குப் பயந்து கிளினிக்கைத் தவறவிடுபவருக்கு மருந்து இருந்தும் இல்லாததுதான்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். மருந்து தருபவரிடம் கேட்டு, அங்கேயே உறையில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா உறைகளையும் கொண்டுபோங்கள். தோட்டக் கமிட்டித் தலைவர்மார், ஒவ்வொரு லயத்திலும் படித்த பிள்ளை ஒருவரை வயதானவர்களின் உறைகளை வாசித்துக் காட்ட ஒழுங்கு செய்ய வேண்டும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.