ஊன்றாத முக்காலி

நமது நாட்டில் இப்பொழுது வானிலைக் கருவிகள் நாலா பக்கங்களிலும் நிறுவப்பட்டு வருகின்றன. 2023-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் 'விண்ட்ஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, வட்டாரந்தோறும் தானியங்கி வானிலை நிலையமும், கிராமப் பஞ்சாயத்துதோறும் தானியங்கி மழைமானியும் அமைய வேண்டுமென்று வகுத்தார்கள். பள்ளிக்கூடங்களும், விவசாயக் கல்லூரிகளும், வசதியுள்ள விவசாயிகளுங்கூடத் தங்கள் சொந்தப் பணத்தில் இத்தகைய கருவிகளை வாங்கி வைக்கின்றனர். நோக்கம் உத்தமமானது, அதைப் பற்றி நமக்கு ஆக்ஷேபம் கிடையாது. ஆனால் நாம் இன்று எழுத முன்வந்தது கருவியைப் பற்றியன்று. அது ஏறி நிற்கும் முக்காலியைப் பற்றியே. முக்காலிக்கு ஒரு தலையங்கமா என்று நகைக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் மேலே படிப்பார்களாக.

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு புயல் அடித்து ஓய்ந்த மறு வாரத்தில், காவிரிப் படுகையிலுள்ள ஒரு கிராமத்துக்கு நாம் போக நேர்ந்தது. அங்கே வயலோரத்தில் ஒரு வானிலை முக்காலி குப்புற விழுந்து கிடந்தது. காற்றுமானியின் கிண்ணங்கள் உடைந்து சேற்றில் புதைந்திருந்தன. ஒவ்வொரு காலையும் ஓரடி நீளமுள்ள ஓர் இரும்பு முளை மட்டுமே மண்ணோடு பிணைத்திருந்தது. மூன்று முளைகளில் இரண்டு வேரோடு பிடுங்கிய நாற்றைப்போல் வெளியே வந்திருந்தன. பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவரிடம் விசாரித்தோம். "காத்து வர்ற வரைக்கும் நல்லாத்தாங்க ஐயா நின்னுச்சு" என்றார் அவர். அவர் கேலி செய்யவில்லை, கண்டதைச் சொன்னார். ஆயினும் வழக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். வருஷம் முழுவதும் வீட்டிலிருந்துவிட்டு, விசாரணை நாளன்று மட்டும் ஊரைவிட்டு ஓடிப்போகும் சாட்சியால் கட்சிக்காரனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வானிலைக் கருவியும் ஒரு சாட்சியே. இளங்காற்று வீசும் 360 நாட்களில் அது எழுதும் கணக்கு வேண்டியதுதான். ஆனால் புயல் வீசும் அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் அதை முக்கியமாக நிறுத்தியிருக்கிறோம். அந்த நேரத்தில் விழுந்துவிடும் முக்காலி, வாய்தாவுக்கு வராத சாட்சி.

இது வெறும் உவமையன்று. 2016-ம் வருஷம் முதல் நடைபெற்றுவரும் மறுசீரமைக்கப்பட்ட வானிலை அடிப்படைப் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், விவசாயிக்கு நஷ்டஈடு உண்டா இல்லையா என்பதை நிர்ணயிப்பது, அவனுடைய பகுதிக்கென்று குறிக்கப்பட்ட வானிலை நிலையத்தின் கணக்கேயாகும். மழை எத்தனை மில்லிமீட்டர், காற்று எத்தனை வேகம் என்று அக்கருவி சொல்வதே சாட்சியம். சாய்ந்து நிற்கும் மழைமானி குறைத்துச் சொன்னாலும், ஆடி அதிரும் மழைமானி பெய்யாத மழையைப் பெய்ததாகச் சொன்னாலும், பாதிக்கப்படுபவன் ஏழைக் குடியானவன். தானியங்கி மழைமானியினுள்ளே ஒரு சிறு இரட்டைத் தொட்டி, நிறைந்தவுடன் இப்புறமும் அப்புறமும் கவிழ்ந்து கவிழ்ந்து மழையை எண்ணுகிறது. முக்காலி அதிர்ந்தால் அத்தொட்டி மழையின்றியே கவிழும். அவன் பயிரைக் கண்ணால் பார்த்த ஊரார் ஆயிரம் பேர் இருந்தாலும், காகிதத்தில் பதிந்த எண்ணே வெல்லும்.

உயிர்களும் இதில் அடங்கியுள்ளன. 1964-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் தாக்கியபோது, பாம்பனிலிருந்து சென்ற ரயில் வண்டி பிரயாணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. பழைய பாம்பன் பாலத்தில் காற்றுமானி ஒன்று இருந்தது; காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலைப் பாலத்தின்மேல் விடாமல் நிறுத்திவைக்கும் ஏற்பாடு அமலில் இருந்தது. அத்தகைய கருவி அசைந்து தவறாகச் சொன்னால் விளைவு என்னவென்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி முக்காலி ஏன் விழுகிறது என்று பார்ப்போம். மூன்று கால்கள் எத்தகைய மேடு பள்ளத்திலும் ஆடாமல் அமரும். நாலு கால்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதனாலேயே முக்காலியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் ஆடாமல் அமர்வது வேறு, காற்றுக்கு அசையாமல் நிற்பது வேறு. கருவிகளின் பாரம் கால்களை மண்ணுக்குள் அழுத்துமென்று பலர் நினைக்கின்றனர். அது காற்றில்லாத நாளின் கணக்கு. புயல் நாளில் காற்று மேற்பாகத்தைத் தள்ள, காற்று வரும் பக்கத்துக் கால் மேலே எழும்பப் பார்க்கிறது. ஆகவே கால்கள் மண்ணில் அமிழ்ந்துவிடுமோ என்பதைவிட, மண்ணிலிருந்து பிடுங்கப்படுமோ என்பதே பெரிய கவலை.

காற்றின் தள்ளும் சக்தி வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய 70 கிலோ பாரத்துடன் தள்ளுகிறது. சூரியத் தகடு, பெட்டி, குழாய் எல்லாம் சேர்ந்து அரைச் சதுர மீட்டர் காற்றை எதிர்ப்பதாகவும், அதன் தள்ளல் 2 மீட்டர் உயரத்தில் விழுவதாகவும், கால்கள் நடுவிலிருந்து 1 மீட்டர் அகன்று நிற்பதாகவும், முக்காலியின் மொத்த எடை 30 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு காலுக்கு நேரே காற்று வீசும்போது அக்காலைச் சுமார் 37 கிலோ சக்தி மேலே இழுக்கிறது. காற்று 160 கிலோமீட்டரானால் இழுப்பு சுமார் 73 கிலோ. காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியது, இழுப்போ இரட்டித்துவிட்டது. அதே வேளையில் மழையும் கொட்டி மண்ணைக் குழைத்து, முளையின் பிடிப்பைக் குறைத்துவிடுகிறது. ஓரடி முளை என்ன செய்யும்? அன்றியும், புயலின் கண் கடந்தபின் காற்று எதிர்த் திசையிலிருந்து திரும்பி வீசும். ஆகையால் 'வாடைக்கு இந்தக் கால் போதும்' என்று ஒரு காலை மட்டும் பலப்படுத்தி மற்ற இரண்டையும் அலட்சியம் செய்வது மடமை.

பரிகாரம் கஷ்டமானதன்று; நம்மூர்க் கொத்தனார் அறிந்ததே. ஒவ்வொரு காலுக்கும் 40 சென்டிமீட்டர் சதுரமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட குழி தோண்டிக் காங்கிரீட் போட்டால், அந்தக் கட்டியின் எடை சுமார் 230 கிலோ. 73 கிலோ இழுப்புக்கு அது தாராளமாகப் போதும். வெள்ளத்தில் மூழ்கினாலுங்கூட, தண்ணீர் தாங்கிக்கொள்ளும் 96 கிலோ போக, 134 கிலோ மிஞ்சும். காங்கிரீட் இறுகுமுன் போல்ட்டுகளைச் சரியான இடைவெளியில் பதிக்கவேண்டும். இறுகியபின் ஒரு வாரமேனும் தண்ணீர் விட்டு ஆற்றவேண்டும். அதன் பிறகே முக்காலியை ஏற்றவேண்டும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு, முதல் நாள் மாலை காங்கிரீட் கொட்டும் வழக்கம் ஒழிய வேண்டும்.

மண்ணுக்குத் தக்கபடி மாறவும் தெரியவேண்டும். கரிசல் பூமி கோடையில் வெடித்து மழையில் ஊதும். மேலோட்டமான அஸ்திவாரத்தை அது தூக்கிச் சாய்த்துவிடும். அங்கே இன்னும் ஆழமாகப் போகவேண்டும். கடற்கரை மணலில் முளை நிற்காது. பலகையையோ கல்லையோ ஆழத்தில் புதைத்து அதிலிருந்து கம்பியை மேலே கொண்டுவர வேண்டும். உயரமான கம்பமானால் ஸ்டே கம்பிகள் இன்றியமையாதவை. மூன்று பக்கங்களிலும் சம தூரத்தில், ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் அவற்றை இழுத்துக் கட்டி, மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கவேண்டும். ஒன்றை மட்டும் ஒரேயடியாக முறுக்கினால் கம்பம் வளையும். கம்பிகளில் சிவப்புத் துணி கட்டிவைத்தால் மாடுகளை ஓட்டிவரும் சிறுவர்கள் தடுக்கி விழமாட்டார்கள். மின்சாரக் கம்பியின் அருகே எந்தக் கம்பத்தையும் எழுப்பவே கூடாது. கம்பம் சாய்ந்தாலும் மின் கம்பியை எட்டாத தூரம் இருக்கவேண்டும்.

நிறுத்தியபின் ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொண்டு நேராயிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். திசைகாட்டியை மெய்யான வடக்குக்கு நேராக அமைக்காவிட்டால் வாடை தென்றலாகப் பதிவாகும். காற்றை 10 மீட்டர் உயரத்தில், மறைப்புக்களின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்கு அப்பால் அளக்கவேண்டுமென்பது உலக வானிலை ஸ்தாபனத்தின் விதி. நமது ஊர்களிலோ, களவுக்கு அஞ்சி ஆபீஸ் சுவரோரத்திலும், புளிய மரத்தடியிலும் கருவியை ஒளித்து வைக்கிறார்கள். காவல் வேண்டுமானால் வேலி போடுங்கள். சாட்சியை இருட்டறையில் வைத்துவிட்டு என்ன கண்டாய் என்று கேட்காதீர்கள். இடி விழுந்தால் மின்சாரம் இறங்கத் தாமிரக் கம்பியும் தரையில் அடித்த கோலும் தேவை. கடற்கரையில் உப்புக் காற்று சாதாரண இரும்பைச் சில வருஷங்களில் தின்றுவிடும். ஆகவே துத்தநாக முலாம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோ வாங்கவேண்டும்.

"இவ்வளவுக்கும் பணம் எங்கே?" என்று கேட்கப்படலாம். கருவிக்கு அதிகமாகவும் காலுக்கு அற்பமாகவும் செலவிடும் புத்தியே இங்கே குற்றவாளி. டெண்டரில் கருவியின் நுட்பம் பக்கம் பக்கமாக எழுதப்படுகிறது. அஸ்திவாரத்துக்கோ 'தக்கபடி நிறுவுதல்' என்று ஒரு வரி. தக்கபடி என்றால் எவ்வளவு என்று காண்டிராக்டரே தீர்மானித்துக்கொள்கிறார். அவ்வாறு மிச்சம் பிடித்த சொற்பத் தொகைக்காகக் கருவி முழுவதையும் ஒரே இரவில் இழக்கிறோம்.

முன்னோர்கள் இவ்விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாயிருந்தார்கள். 1792-ல் கம்பெனியார் காலத்தில் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் ஏற்பட்டபோது, தொலைநோக்குக் கருவியைத் தாங்குவதற்கு 15 அடி உயரமும் சுமார் 10 டன் எடையுமுள்ள கருங்கல் தூணை நாட்டினர். கருவி போய்விட்டது; தூண் இன்றும் அங்கே வானிலை மையத்தின் வளாகத்தில் நிற்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மலையுச்சியில் ஆராய்ச்சியாளர்கள் தங்கியிருந்த கட்டிடத்தைச் சங்கிலிகளால் பாறையோடு பிணைத்திருந்தார்கள். அதனால் 1934-ம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதி மணிக்கு 231 மைல் வேகக் காற்றை அவர்கள் அங்கேயே இருந்து அளந்து எழுத முடிந்தது. ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் 1996 ஏப்ரல் 10-ல் ஒலிவியா புயலின் காற்று மணிக்கு 408 கிலோமீட்டர் என்று பதிவாயிற்று. கருவி நல்ல நிலையில் இருந்ததா என்பதைப் பரிசீலித்த பின்னரே 2010-ல் உலக வானிலை ஸ்தாபனம் அதை அங்கீகரித்தது. அங்கே கருவி நின்றது. ஆகையால் அதன் வார்த்தையும் நின்றது.

நாம் கோருவது இவ்வளவே. முதலாவதாக, டெண்டரில் அஸ்திவாரத்தின் அகலம், ஆழம், போல்ட்டு, ஸ்டே கம்பி யாவும் எண்ணால் குறிக்கப்படவேண்டும். இரண்டாவதாக, குழி மூடுமுன் ஊரார் இருவர் முன்னிலையில் அளந்து கையெழுத்திட்ட பின்னரே பணம் பட்டுவாடாவாக வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு முக்காலிக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கவேண்டும். அவர் வருஷந்தோறும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், நட்டுகளை முடுக்கி, கம்பிகளைச் சோதித்து, மழைமானியிலுள்ள குளவிக் கூட்டைக் கலைத்து, நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவைக்கவேண்டும். காப்பீட்டு வழக்கில் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்கும் உரிமை விவசாயிக்கு இருக்கவேண்டும்.

ஊர்ப் பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பஞ்சாயத்தில் இத்தகைய முக்காலி இருக்குமானால், இந்த வாரமே போய்ப் பாருங்கள். பொறுப்பாளரைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஒரு காலைக் கையால் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அது அசையுமானால் அங்கேயே மனு எழுதுங்கள். மனிதன் கையால் அசைவதைப் புயல் விட்டுவைக்காது.