குரல் எட்டும், பொருள் எட்டுமா?



இசை உலகப் பொதுமொழி என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இக்கூற்றை அளந்தே ஏற்க வேண்டும் என்பது நம் கருத்து. இசைக்கருவிகள் குறித்த மார்க்கச் சட்டம் இங்குப் பேசுபொருளன்று. மொழி புரியாதவரிடம் இனிய ஓசை எவ்வளவு பொருளைக் கொண்டு சேர்க்கும் என்பதே கேள்வி.

2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 86 சிறு சமூகங்களின் பாடல்களை 60 நாடுகளைச் சேர்ந்த 750 பேர் கேட்டனர். மொழி அறியாத நிலையிலும் தாலாட்டையும் ஆடற்பாட்டையும் பெருமளவு இனங்கண்டனர். காதற்பாட்டை அவ்வாறு இனங்காண இயலவில்லை. தாய் பிள்ளையை உறங்கச் செய்கிறாள் என்பதை ஓசை உணர்த்திவிடும். அவள் என்ன சொல்லி உறங்கச் செய்கிறாள் என்பதைச் சொல்லே உணர்த்தும்.

பாங்கை நோக்குவோம். நாகூரிலும் இஸ்தான்புல்லிலும் சொற்கள் ஒன்றே, ராகம் வேறு. துருக்கியில் சுபுஹு பாங்கை ‘ஸபா’ என்னும் மகாமில் சொல்வது மரபு. அந்த ராகம் நமக்குப் பழக்கமற்றது. எனினும் அது தொழுகைக்கான அழைப்பென்று அறிகிறோம். சொற்களை நாம் முன்பே கற்றிருப்பதே காரணம்.

நம் முன்னோர் இதை உணர்ந்திருந்தனர். அரபியில் ஓதுவதோடு நில்லாமல் முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா எனத் தமிழிலும் பாடினர். அரபுத்தமிழில் நூல்கள் எழுதினர். செவிக்கு இனிமையும் சிந்தைக்குப் பொருளும் ஒருசேரக் கிடைத்தன.

இன்று நம் இல்லங்களில் எகிப்தின் காரீ அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத் கைப்பேசியில் ஒலிக்கிறது. குர்ஆன் ஓதுதல் இசையன்று. ஆயினும் அழகிய குரலின் ஈர்ப்பு அங்கும் உண்டு. கேட்டுக் கண் கலங்குகிறோம். அது நற்பேறே. பொருள் அறியாது ஓதினாலும் நன்மை உண்டு என்பதிலும் ஐயமில்லை. ஆனால் ஓதப்படுவது சுவனத்தின் நற்செய்தியா, நரகத்தின் எச்சரிக்கையா என்பதையே அறியாமல் தலையசைத்துக் கொண்டிருப்பது முறையாகுமா? நிறுத்தி நிதானமாக ஓதுமாறு ஏவும் இறைமறை (73:4), தன் வசனங்களைச் சிந்திப்பதற்காகவே தான் அருளப்பட்டதாகவும் கூறுகிறது (38:29).

ஆகவே பெற்றோரிடம் நம் வேண்டுகோள் ஒன்றே. ஸூரத்துல் ஃபாத்திஹாவில் ஏழு வசனங்கள். மஃரிபுக்குப் பின், நாளுக்கொரு வசனத்தைப் பிள்ளைகளோடு ஓதி, அதன் தமிழ்ப் பொருளையும் சொல்லித் தாருங்கள். இன்ஷா அல்லாஹ், ஒரு வாரம் கழிந்தபின், இமாமின் பின்னே நிற்கும் பிள்ளை தான் கேட்பது இன்னதென்று அறிந்தே ஆமீன் சொல்லும்.